நீலப்பாசி உண்டிநூல்: உரையுடன்

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூலைத் தொடங்கினால் புலவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால் முதலில் அது. நுதலிய பொருள்: ஏரி நீரின்மேல் பச்சையாய்ப் படர்ந்து, காற்று தள்ளிய கரையில் ஒதுங்கி, அழுகி நாறும் நீலப்பச்சைப் பாசிகள், குறிப்பாக அவை உண்ணும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கேட்போர்: தழைச்சத்து என்றதும் யூரியா மூட்டை நினைவுக்கு வருகிற யாவரும். பயன்: இதைப் படித்தவர் ஏதாவதொரு குளக்கரையில் நின்று, ‘இது இன்ன வகைப் பாசி’ என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்லலாம். சொன்னது பிழையானாலும் பாசி மறுத்துப் பேசாது.

பாசி என்பதே பிழை, அது பாக்டீரியா என்று முதல் பக்கத்திலேயே ஒரு மாணாக்கர் எழுந்து நிற்பார். உண்மைதான். உயிரணுவுக்குள் உட்கரு இல்லாததால் அது சயனோபாக்டீரியா. தாவரவியலார் தம் விதிநூலின்படி ஒரு பெயரும், பாக்டீரியா ஆய்வாளர் தம் விதிநூலின்படி இன்னொரு பெயரும் சூட்ட உரிமை கோருகிறார்கள். போதாக்குறைக்கு, பள்ளியில் அனபீனா என்று படித்தவற்றில் மிதப்பன பெரும்பாலும் 2009-இல் டோலிகோஸ்பெர்மம் என்ற பேரினத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் குளத்தில் கால் வழுக்கியவர் ‘சயனோபாக்டீரியாவில் வழுக்கினேன்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ஈண்டு பாசி என்றே வழங்குக.

இந்நூலுக்கு ஒரு முந்துநூல் உண்டு. அமெரிக்க ஏரி ஆய்வாளர்கள் தொல்லை தரும் பாசிகளை ஆனி, ஃபேனி, மைக் என்று செல்லமாக மூவகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆனி என்பது அனபீனா, ஃபேனி என்பது அஃபனிசோமெனான், மைக் என்பது மைக்ரோசிஸ்டிஸ். சுருக்கமும் அழகும் உடைய வகைப்பாடுதான். ஆனால் மூவரும் எதைத் தின்று வளர்கிறார்கள் என்பதை அது சொல்லவில்லை. ஆனிக்கும் ஃபேனிக்கும் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடிக்கத் தெரியும். மைக்குக்கு அந்த வித்தை தெரியாது. அப்படியிருக்க, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவிலுள்ள ஈரி ஏரியின் மேற்குப் பகுதியைக் கோடைதோறும் ஆள்வது மைக். வித்தை தெரிந்தவர் இருவர் ஓரமாக நிற்க, தெரியாதவன் எப்படி நடுப்பந்தியில் உட்கார்ந்தான்? இந்நூல் எழுந்த காரணம் இதுவே.

வகையியல்

நூற்பா: தழைச்சத்து உண்ணும் பாசி நால்வகைத்து, ஆக்கியது உண்பது, அரிந்து உண்பது, அவிழ்த்து உண்பது, வானம் உண்பது.

இதற்கு உரை. ஆக்கியது என்றது அமோனியத்தை. அது இலையில் பரிமாறிய சோறு. உயிரணுவின் சவ்வில் அதற்கென்றே வாயில்கள் உண்டு. உள்ளே வந்தவுடன் குளூட்டமேட்டோடு சேர்த்துக் குளூட்டமின் ஆக்கிவிடலாம். அங்கிருந்து மற்ற அமினோ அமிலங்களுக்கு நேர்வழி. வேறு வேலை இல்லை.

அரிந்து உண்பது என்றது நைட்ரேட்டை. இதை அப்படியே விழுங்க முடியாது. ஒரு நைட்ரேட்டை அமோனியம் ஆக்க 8 எலெக்ட்ரான் செலவு. மாலிப்டினம் கொண்ட ஒரு நொதி முதல் இரண்டைச் செலவழித்து நைட்ரைட் ஆக்கும், இன்னொரு நொதி மீதி ஆறையும் போடும். எலெக்ட்ரான் வெளிச்சத்திலிருந்து வர வேண்டும் என்பதால் இது பெரும்பாலும் பகல் சமையல்.

அவிழ்த்து உண்பது என்றது யூரியாவை. நிக்கல் இல்லாமல் இயங்காத யூரியேஸ் என்ற நொதி பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே இரண்டு அமோனியா, ஒரு கரியமில வாயு. பாசி முற்றிய ஏரியில் கரியமில வாயு தட்டுப்பாடாக இருக்கும் என்பதால் அந்த இனாமும் வீண்போவதில்லை. நம் ஊர்க் கடையில் வாங்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து. அதாவது 20 கிலோ 700 கிராம். உலகம் முழுதும் வயலுக்குப் போகும் ரசாயனத் தழைச்சத்தில் பாதிக்கு மேல் இன்று யூரியாவாகத்தான் போகிறது. அதில் பயிர் உண்டது போக மிச்சம் எங்கே போகிறது என்பதற்கு வாய்க்காலின் சரிவே விடை.

வானம் உண்பது நான்காவது. அதற்குத் தனியே வருவோம். முதலில் ஒரு தடை.

அஃதேல், அமோனியம் எல்லாப் பாசிக்கும் உணவாயிற்றே, அதை உண்பது எப்படித் தனி வகை ஆகும் எனின், தடை நியாயமானது. உரைகாரர் நூலாசிரியரைக் கைவிட வேண்டிய இடம் இது. ஆனியும் உண்பாள், ஃபேனியும் உண்பாள், மைக்கும் உண்பான். அமோனியம் இருக்கும்போது எந்தப் பாசியும் நைட்ரேட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே இழுக்கும் வாயிலே சிறிது நேரத்தில் அடைபட்டுவிடும். பசித்தால்தான் திறக்கும். பசியை அறிவிப்பது 2-ஆக்சோகுளூட்டரேட் என்ற சிறு மூலக்கூறு. தழைச்சத்து குறைந்தால் அது உள்ளே சேரும்; சேர்ந்ததை என்.டி.சி.ஏ. என்ற புரதம் உணர்ந்து அடுத்தடுத்த சமையலறைகளின் விளக்கைப் போடும். ஆகவே நூற்பா சொல்லும் நான்கும் உண்பவரின் வகை அல்ல, உண்ணும் வரிசை. விருப்பத்தில் பாசிக்குப் பாசி பெரிய வேறுபாடு இல்லை. விரும்பியது தீர்ந்த பின் எவர் எந்தப் படி வரை இறங்குவார் என்பதில்தான் குலம் பிரிகிறது.

அமோனியமும் அளவோடு வேண்டும் என்பது துணைவிதி. பாசி முற்றிய ஏரியில் கரியமில வாயு தீர்ந்து பி.எச். 9-ஐத் தாண்டும். 9.25-ஐ எட்டும்போது அமோனியத்தில் ஏறக்குறைய பாதி அமோனியா வாயுவாகிவிடும். அது மின்னேற்றம் இல்லாதது, வாயில் தேடாமல் சவ்வுக்குள் நுழைந்து ஒளிச்சேர்க்கையின் முதற்கருவியைச் சிதைக்கும். விருந்து மிகுந்து விக்கிக்கொள்வது பாசிக்கும் உண்டு.

இனி வானம் உண்பது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான், ஆனால் அதன் இரு அணுக்களையும் மூன்று பிணைப்புகள் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. மனிதர்கள் 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் இதைப் பெரிய அளவில் பிரிக்கத் தொடங்கியபோது நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பமும் நூற்றுக்கு மேற்பட்ட மடங்கு காற்றழுத்தமும் தேவைப்பட்டன. பாசி இதைக் குளத்தின் வெப்பத்திலேயே செய்கிறது. கருவி நைட்ரஜனேஸ் என்ற நொதி. கட்டணம் ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏ.டி.பி. அந்த நொதிக்கு ஒரு பலவீனம்: ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும். பாசியின் தொழிலோ பகல் முழுதும் ஆக்சிஜன் விடுவது. அடுப்பும் வெடிமருந்தும் ஒரே அறையில்.

அனபீனா கண்ட வழியை நுண்ணோக்கியில் நேரிலேயே பார்க்கலாம். பச்சை மணிகள் கோத்த இழை ஒன்று. தழைச்சத்து இல்லாத நீரில் வளர்த்தால், பத்து இருபது மணிக்கு ஒன்றாக, சற்றுப் பெரிதாய், வெளிறி, தடித்த சுவரோடு ஒரு மணி தனித்துத் தெரியும். பக்கத்து மணிகளைத் தொடும் இரு முனைகளிலும் பளிச்சென்று ஒரு புள்ளி. இதற்கு ஹெட்டரோசிஸ்ட் என்று பெயர். சாதாரண மணியொன்று இப்படி மாறச் சுமார் ஒரு நாள் ஆகும். மாறும்போது ஆக்சிஜன் வெளியிடும் கருவியைத் தானே கழற்றிப்போடும், ஆக்சிஜன் எளிதில் புகாதபடி கொழுப்பும் பல்சர்க்கரையும் கொண்ட உறை போர்த்தும், அப்படியும் கசிந்து வரும் ஆக்சிஜனைச் சுவாசித்து எரித்துவிடும். சர்க்கரையைப் பக்கத்து மணிகள் கொடுக்கும். அதற்கு ஈடாகத் தழைச்சத்தை அமினோ அமிலமாகத் திருப்பித் தரும். ஒருமுறை ஹெட்டரோசிஸ்ட் ஆனது மீண்டும் பிரியாது, சந்ததியும் இல்லை. எல்லா மணிகளும் இந்தத் தியாகத்தில் குதித்துவிடாமல் இருக்க, மாறிக்கொண்டிருக்கும் மணி ஒரு சிறு பெப்டைடைப் பரப்பி அக்கம்பக்கத்தாரைத் தடுக்கிறது. பத்து பேருக்கு ஒருவர் சமையலறைக்குப் போனால் போதும் என்பது இழையின் கணக்கு. கூட்டுக்குடும்பங்களில் இந்தப் பெப்டைடு இல்லாததால் வரும் சச்சரவு இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இவ்வளவு செலவு இருப்பதால்தான் அமோனியம் கண்ணில் பட்டதும் அனபீனா அடுப்பை அணைக்கிறது. பால்டிக் கடலில் கோடைதோறும் பெருகும் நோடுலேரியா மட்டும் கொஞ்சம் வேறு சாதி. ஆய்வகத்தில் ஒரு நோடுலேரியாவுக்கு அமோனியம் ஊட்டியபோது வானம் உண்பதை நிறுத்தியது. ஆனால் ஹெட்டரோசிஸ்டுகளின் எண்ணிக்கை குறையவில்லை. வேலையில்லாத சமையற்காரருக்கும் சம்பளம் தரும் பெரிய வீடு அது. செங்கடலிலும் நம் வங்கக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் மிதக்கும் ட்ரைக்கோடெஸ்மியம், ஹெட்டரோசிஸ்டே இல்லாமல் பட்டப்பகலில் வானம் உண்கிறது. 1770-இல் கேப்டன் குக்கின் மாலுமிகள் அதைக் கடல் மரத்தூள் என்றார்கள். அவர்களுடைய வகைப்பாடு அதோடு நின்றது, யாருக்கும் தொந்தரவு இல்லை.

ராஃபிடியாப்சிஸ் வேறு மாதிரி. முன்பு சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்று நாக்கைச் சுளுக்கவைத்தது. அமோனியம் கிடைத்தால் அமோனியம், இல்லையேல் நைட்ரேட், அதுவும் இல்லையேல் வானம் என்று எதற்கும் தயார். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் 138 குழந்தைகளும் 10 பெரியவர்களும் ஈரல் நோய் போன்ற ஒன்றால் படுத்ததற்குக் காரணம் இதன் நஞ்சு என்று பின்னர் தெரிந்தது. நோய்க்குச் சற்று முன்புதான் தீவின் குடிநீர் அணையில் பாசியைக் கொல்ல மயில்துத்தம் தூவியிருந்தார்கள். செத்த பாசி உடைந்து நஞ்சு முழுவதையும் குடிநீரில் விட்டது.

ஐந்தாவது ஒன்று உண்டு, சேர்த்து வைப்பது. சயனோஃபைசின் என்ற இருப்புப் பொருள், ஆர்ஜினினும் அஸ்பார்டேட்டும் கோத்த சங்கிலி. ஒரு கண்ணிக்கு 5 நைட்ரஜன். ஹெட்டரோசிஸ்ட் முனையில் பளிச்சென்று தெரிந்த புள்ளியும் இதுதான். இது வகையா, குணமா என்று விவாதிக்க இடம் உண்டு, இடம் போதாது.

பரிமாறுவோர் இயல்

வகைப்பாட்டு நூல்கள் உண்பவரையே எண்ணும், பரிமாறுவோரை மறக்கும். மைக்கின் மர்மம் இங்கேதான் அவிழ்கிறது.

ஈரியின் மேற்குப் பகுதி ஆழமற்றது. மாமி ஆறு மக்காச்சோள, சோயா வயல்களைக் கழுவிக்கொண்டு அதில் வந்து சேர்கிறது. ஜூனில் நீரில் நைட்ரேட் நிறைய இருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் கருவிகள் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். நூற்பாவின்படி அப்போது ஆனியும் ஃபேனியும் பந்தியைக் கைப்பற்ற வேண்டும். தலை காட்டுகிறார்கள், ஆள்வதில்லை. மைக் தொடர்ந்து உண்கிறான். எங்கிருந்து? நீரிலேயே பாக்டீரியாக்கள் செத்த பாசியைச் சிதைத்து அமோனியத்தைத் திருப்பித் தருகின்றன. நுண்மிதவை விலங்குகள் பாசியைத் தின்று அமோனியமாகவும் யூரியாவாகவும் கழிக்கின்றன. அடிச்சேறு தன் பங்குக்குக் கசியவிடுகிறது. இந்த அமோனியம் சோதனைக் குப்பியில் அளவாகத் தெரிவதில்லை. வந்த வேகத்தில் தின்னப்படுவதால் எப்போது அளந்தாலும் ஒன்றுமில்லை என்றே காட்டும். இலை காலியாக இருப்பதை வைத்துப் பரிமாறவில்லை என்று முடிவு கட்டுவது பந்தியில் புதியவர் செய்யும் பிழை.

பரிமாறுவோரில் இன்னொருவர் வரிச்சிப்பி. கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல்களின் அடிநீரோடு வந்து, 1980-களின் இறுதியில் இந்த ஏரிகளில் குடியேறியது. நீரை உறிஞ்சி வடிகட்டி மற்ற பாசிகளை விழுங்கும். மைக்கின் கொழகொழத்த கூட்டங்களை மட்டும் சளியில் சுற்றி உயிரோடு துப்பிவிடும். பிறகு தின்றதை அமோனியமாகக் கழித்து, துப்பிய அதே மைக்குக்கே பரிமாறும். இத்தனை உபசாரம் கிடைக்கும்போது மைக் எதற்காக வானத்தைக் கடிக்கக் கற்க வேண்டும்? உடம்பில் வாயுக்குமிழ்களை வைத்துக்கொண்டு மேலே மிதந்து, வெளிச்சத்தில் கீழுள்ளவரை நிழலடித்தால் போதும்.

நச்சியல்

பாசி நஞ்சுகளை நைட்ரஜன் எண்ணிக்கையால் வகைப்படுத்த முடியும் என்பதை இந்நூல் பெருமையோடு அறிவிக்கிறது. அனடாக்சின்-ஏ ஒரு நைட்ரஜன் உடையது. பாம் தீவின் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சினில் 5. சாக்சிடாக்சினில் 7. நோடுலாரினில் 8. பாசி நஞ்சைப் பற்றிய முதல் அறிவியல் குறிப்பு, 1878-இல் ஜார்ஜ் பிரான்சிஸ் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் மாடும் ஆடும் செத்ததை ‘நேச்சர்’ இதழில் எழுதியது, நோடுலேரியாவைப் பற்றித்தான். மைக்ரோசிஸ்டின்-எல்.ஆரில் 10. அதன் தம்பி ஆர்.ஆரில் 13.

வெறும் எண் விளையாட்டு என்று தள்ள வேண்டாம். மைக்ரோசிஸ்டின் ஏழு அமினோ அமிலங்கள் சேர்ந்த வளையம். அதைச் செய்யத் தழைச்சத்து நிறைய வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் நஞ்சும் கூடும், 13 நைட்ரஜன் உடைய ஆர்.ஆரின் பங்கும் ஏறலாம். தட்டுப்பாடு வந்தால் நஞ்சு குறையும், பாசி பச்சையாகவே இருந்தாலும். ஆகவே கரையில் நின்று நிறத்தைப் பார்த்து நஞ்சை அளக்க முடியாது. 2014 ஆகஸ்டு 2 அதிகாலையில், ஈரியின் மேற்குக் கரையிலுள்ள டோலிடோ நகரம் ஏறத்தாழ 5 லட்சம் பேரிடம் குழாய்நீரைக் குடிக்காதீர்கள் என்றது. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற மைக்ரோசிஸ்டின் வரம்பைச் சுத்திகரித்த நீரே தாண்டியிருந்தது. கொதிக்க வைத்துக் குடிக்கலாமே என்றால் அதுவும் கூடாது: நஞ்சு கொதியில் அழியாது, நீர் வற்றுவதால் செறிவுதான் ஏறும். தடை நீங்க மூன்றாம் நாள் ஆயிற்று.

வழக்கியல்

ஏரியைக் காக்க எந்தச் சத்தைத் தடுப்பது என்பதில் மரபு இரண்டு.

பாஸ்பரஸ் எனும் மணிச்சத்தைத் தடுக்கச் சொல்லும் மரபின் முதலாசிரியர் டேவிட் ஷிண்ட்லர். கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே விடப்பட்ட சிற்றேரிகள் உண்டு. பெயர் வைக்கச் சோம்பி எண் கொடுத்துவிட்டார்கள். 1973-இல் 226-ஆம் ஏரியின் குறுக்கே திரை கட்டி, ஒரு பாதியில் கரிமமும் தழைச்சத்தும், மறுபாதியில் அவற்றோடு மணிச்சத்தும் இட்டார்கள். மணிச்சத்து விழுந்த பாதி மட்டும் பச்சை பூத்தது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் ஆயிரம் பக்க அறிக்கையின் வேலையைச் செய்தது. 227-ஆம் ஏரிக்கு 1969 முதல் இரு சத்தும் இட்டு, 1975-இல் தழைச்சத்தைக் குறைத்து, 1990-இல் அறவே நிறுத்திப் பார்த்தார்கள். ஏரி பச்சையாகவே இருந்தது, ஃபேனியின் சொந்தங்கள் வானம் உண்டு ஈடுகட்டின. அந்த ஏரியில் கண்ட அஃபனிசோமெனான் ஒன்றுக்கு 1994-இல் ஷிண்ட்லரின் பெயரையே சூட்டினார்கள். தழைச்சத்தைக் குறைப்பதால் பயனில்லை என்று 37 ஆண்டுத் தரவோடு 2008-இல் அவர் குழு எழுதியது.

இருசத்து மரபினர் அற்றன்று என்றனர். 2010-இல் ஸ்காட்டும் மெக்கார்த்தியும் அதே 227-ஆம் ஏரியின் ஏடுகளைப் புரட்டி, வானம் உண்டது முழு ஈடு ஆகவில்லை, ஏரியின் தழைச்சத்து இருப்பு இறங்கித்தான் வந்தது என்றார்கள். இவர்களுக்கு இன்னொரு சான்று சீனாவின் தாய்ஹூ. 2,338 சதுர கிலோமீட்டர் பரப்பு, சராசரி ஆழம் 2 மீட்டர்கூட இல்லை. 2007-இல் மைக் பெருகி, ஊஷி நகரில் சுமார் 20 லட்சம் பேருக்குக் குடிநீர் கெட்டது. அங்கே கோடையில் சேற்று பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் காற்றாக்கி அனுப்பிவிடுவதால் பாசிக்குத் தட்டுவது தழைச்சத்துதான். அப்போதும் வானம் உண்போர் வந்து ஆட்சியைப் பிடிக்கவில்லை.

இந்நூலாசிரியர் இரண்டாம் மரபின் பக்கம் சாய்கிறார். மணிச்சத்தைத் தடுப்பது முதற்கடமை என்பதில் ஐயமில்லை; ஆனால் பெரிய ஏரிகளில் ஊரைக் கெடுப்பவன் மைக், அவனோ வெளியிலிருந்து வந்து ஏரிக்குள் சுழலும் தழைச்சத்தை நம்பிப் பிழைப்பவன், அவன் நஞ்சு அதிலிருந்துதான் ஆகிறது. ஃபேனி வந்துவிடுவாள் என்று பயந்து மைக்குக்குச் சோறு போடுவது நல்ல நிர்வாகமாகத் தெரியவில்லை.

வயலில் கதை தலைகீழ். நெல்வயலின் இயற்கை வளத்துக்குக் காரணம் வானம் உண்ணும் பாசிதான் என்று பி.கே. டே 1939-இலேயே எழுதினார். நம் உழவர்கள் வயலில் விடும் அசோலாவின் இலைக்குழிக்குள் குடியிருப்பதும் ஓர் அனபீனாதான். குளத்தில் குற்றமாவது வயலில் குணம். அதே வயலில் யூரியாவை மேலாகத் தூவினால் நீரில் அமோனியம் ஏறி, பாசி வானம் உண்பதைக் குறைத்துக்கொள்ளும். இலையில் சோறு விழுந்தால் அடுப்பு அணையும் என்ற விதி இங்கும் அப்படியே.

புறனடை

ஈரியின் தென்கரையில் சாண்டஸ்கி விரிகுடா. அங்கே கோடையில் தழைச்சத்து தீர்ந்துவிடும். வானம் உண்ணத் தெரியாத பிளாங்க்டோத்ரிக்ஸ் நூற்பாவின்படி அங்கே இருக்கக் கூடாது. நெடுங்காலம் கோடைதோறும் அதுவே இருந்தது. காரணம் வெளிச்சம். விரிகுடா ஆழமில்லாதது, காற்று சேற்றைக் கிளப்பி நீரை எப்போதும் கலங்கலாக்கும். 16 ஏ.டி.பி. கட்டணத்துக்கு வெளிச்சம் வேண்டும். கலங்கலில் ஆனிக்கும் ஃபேனிக்கும் அந்த வருமானம் இல்லை. பிளாங்க்டோத்ரிக்ஸ் மங்கலிலேயே பிழைக்கப் பழகியது, சேறு கசியவிடும் அமோனியத்தைக் கொண்டு ஓட்டிவிடும். இதை எந்த வகையில் சேர்ப்பது எனின், கலங்கல்வாழி என்று புதிதாக ஒன்றைத் திறக்கலாம். ஆனால் அது உண்டியால் வந்த வகை ஆகாது. நூலின் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.